வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு வக்காலத்து

ஒரு மாவட்டத்தின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி ஒரு சட்டம் பிறந்தது என்றால், அந்த மண்ணில் அப்போது என்ன கொதித்துக்கொண்டிருந்திருக்கும்! 1952 ஆகஸ்டில், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் முறையான சட்டமாகவும் ஆனது. குத்தகைக்கு உழுபவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளுக்கு நிர்ணயித்த கூலி, காரணமில்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது, தகராறு வந்தால் சமரச அதிகாரியிடம் முறையிடலாம் என்று எல்லாம் அதில் எழுதியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பண்ணையாள், மிராசுதாரின் வயலில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, அந்தச் சமரச அதிகாரியின் வாசல்வரை எப்படிப் போய்ச் சேருவார் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் வேறு ஆட்கள். 1943-ல் தென்பறையில் விவசாயிகள் சங்கம் கண்டவர்கள். கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்து, தஞ்சைச் சேரிகளில் தங்கி, அந்த மக்களோடு உண்டு உறங்கி, 1961-ல் மறைந்த பி. சீனிவாசராவ் அவர்களில் முதன்மையானவர். சாணிப்பாலும் சவுக்கடியும் இனிக் கூடாது என்று மிராசுதார்களைக் கையெழுத்துப் போடவைத்த 1940களின் மன்னார்குடி ஒப்பந்தத்துக்குப் பின்னால் இருந்ததும் அந்தச் சங்கம்தான். சட்டம் வந்தபோது அதைச் சேரிக்குள் எடுத்துப்போய்ச் சொன்னதும், மனு எழுதிக் கொடுத்ததும், அதிகாரி முன்னால் கூட நின்றதும் சங்கத்துக்காரர்கள். அந்தக் காலத்தில் அதற்கு இலவச சட்ட உதவி என்ற பெயர் கிடையாது. பலன் முழுதாக வந்துவிடவும் இல்லை. பண்ணையாளாக வைத்திருந்தால்தானே இந்தச் சட்டம் என்று பல மிராசுதார்கள் ஆட்களை விலக்கிவிட்டுத் தினக்கூலிக்கு மாறிக்கொண்டார்கள். ஆனால் சட்டம் என்று ஒன்று நம் பக்கமும் பேசும் என்பது டெல்டாவின் கூலித் தெருக்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்றைக்கு அந்த வேலையை யார் செய்கிறார்கள்? அதைப் பார்க்கத்தான் சம்பா அறுவடை முடியும் தறுவாயில், மாசிப் பிறப்பை ஒட்டி, தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை புறப்பட்டேன்.

தஞ்சாவூரில் நான் போய் நின்றது ஒரு சனிக்கிழமை. மாவட்ட நீதிமன்றத்தில் தேசிய மக்கள் நீதிமன்றம் நடந்துகொண்டிருந்தது. லோக் அதாலத் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சாதாரண நாளில் கறுப்பு அங்கிகள் நிறைந்திருக்கும் தாழ்வாரத்தில் அன்று கைலிகளும் நூல் புடவைகளும்தான் அதிகம். ஒவ்வொரு அமர்விலும் ஒரு நீதிபதி, பக்கத்தில் ஒரு வக்கீல், ஒரு சமூகப் பணியாளர். வாகன விபத்து இழப்பீடு, செக் வழக்கு, வங்கிக் கடன், பாகப் பிரிவினை என்று கட்டுக்கட்டாகக் கோப்புகள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அன்றைக்கே தீர்ப்பு. அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. கட்டிய கோர்ட்டு ஸ்டாம்புக் கட்டணமும் திரும்பிவிடும்.

ஒரு மேசையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். கணவர் நெல் லாரியில் லோடு ஏற்றும் தொழிலாளி. இரவு சைக்கிளில் வீடு திரும்பும்போது வேன் மோதி இறந்துவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் ஒரு தொகையைச் சொன்னார். பெண்ணின் வக்கீல் கூட்டிக் கேட்டார். நடுவில் ஒரு தொகைக்கு வந்தார்கள். நீதிபதி அந்தப் பெண்ணைப் பார்த்து, "அம்மா, இதுக்கு அப்புறம் கூடக் கேக்க முடியாது, தெரியுமா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "பணம் எம் பேருலதானே வரும்?" என்று கேட்டாள். நீதிபதி, "உங்க பேருலயும் புள்ளைங்க பேருலயும்தான்" என்றார். கையெழுத்து வராததால் பெருவிரல் ரேகை வைத்தாள். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முழுத் தொகைக்குப் போராடியிருந்தால் இன்னும் கிடைத்திருக்கலாம். ஆனால் அதற்கு எத்தனை வாய்தா, அத்தனை வாய்தாவுக்கும் எத்தனை நாள் கூலி? லோக் அதாலத்தைக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும். அதே சமயம், மறுநாள் பத்திரிகையில் வரும் 'ஒரே நாளில் இத்தனை வழக்குகளுக்குத் தீர்வு' என்ற எண்ணிக்கையை வைத்து மட்டும் ஏழைக்கு நீதி கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடவும் கூடாது. அந்தக் கட்டுகளில் பெரும்பங்கு விபத்தும் வங்கிக் கடனும். நான் நின்றிருந்த நேரத்தில் குத்தகைத் தகராறு ஒன்றுகூட எந்த மேசைக்கும் வரவில்லை. நெல் விளையும் மாவட்டத்தில் இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

இந்த ஏற்பாடு முழுவதும் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு 1973-ல் ஏழைகளுக்குச் சட்ட உதவி பற்றி அறிக்கை தந்தது. 1976-ல் 42-வது திருத்தம் அரசியல் சட்டத்தில் இலவச சட்ட உதவிக்கான 39ஏ பிரிவைச் சேர்த்தது. 1987-ல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9 அன்று. அரசியல் சட்டத்தில் எழுதியதிலிருந்து ஊருக்கு வந்து சேர ஏறக்குறைய 19 வருஷம். நடுவில் உச்ச நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார்ச் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களுக்காக, இலவச வக்கீல் உரிமை என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது. 1986-ல் சுக் தாஸ் வழக்கில் ஒரு படி மேலே போய், குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறந்து கேட்காவிட்டாலும் அவருக்கு வக்கீல் தந்தாக வேண்டும் என்றது. கேட்கத் தெரியாதவனுக்குத்தான் உதவி அதிகம் தேவை என்று புரிந்துகொண்ட தீர்ப்பு அது. எனக்கு மிகவும் பிடித்தது.

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவை ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம், வறட்சி போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், இவர்கள் யாரும் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. பெண் என்றால் பணக்காரப் பெண்ணுக்கும் உண்டு. இது பாதிப் பேருக்குத் தெரியாது. படித்தவர்களுக்கே தெரியாது.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் பஸ் சாலியமங்கலம், அம்மாப்பேட்டை வழியாகப் போகிறது. சாலையின் ஒரு பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. ஈரப்பதம் கூடுதல் என்று நேரடிக் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், அறுத்த நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பிக் காலால் கிளறிவிட்டபடி நிற்கிறார்கள். அறுவடை இயந்திரங்கள் வயலுக்குள் பாதை தேடி வரப்பை மிதித்து ஏறுகின்றன. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஒன்றரை வேலி குத்தகைக்குப் பார்ப்பதாகச் சொன்னார். மடத்து நிலமா, கோயில் நிலமா என்று கேட்டேன். "தனியார்தான். மெட்ராஸ்ல இருக்காங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து பாக்கறோம்" என்றார். பதிவு? "எல்லாம் வாய்ப்பேச்சுதான் தம்பி. பதிவு பண்ணணும்னு கேட்டா மறுவருஷம் நெலம் நம்மகிட்ட இருக்காது."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் அரை நூற்றாண்டுச் சட்டங்கள் அடங்கிக் கிடக்கின்றன. 1955-ல் குத்தகை உழவர் பாதுகாப்புச் சட்டம். 1956-ல் நியாயவாரச் சட்டம். பாசன நிலத்தில் நூற்றுக்கு 60 உழுபவருக்கு, 40 நிலக்காரருக்கு என்று தொடங்கி, பிறகு திருத்தி நிலக்காரர் பங்கை 25 ஆக்கியது. 1969-ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம், தாசில்தாரே பதிவு செய்யலாம் என்றது. வழக்கை விசாரிக்க வருவாய் நீதிமன்றம் தனியாக இருக்கிறது. வாரப் பாக்கி என்று வழக்கு வந்தால்கூடப் பாக்கியைக் கட்ட அவகாசம் தந்துவிட்டுத்தான் வெளியேற்ற முடியும். இவ்வளவு இருந்தும் பெரியவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெயர் இல்லாததால் பயிர்க் காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்றுக்காக ஒவ்வொரு போகத்துக்கும் அலைகிறார். வழக்குப் போட இலவச வக்கீல் கிடைப்பார் என்று சொன்னேன். "வக்கீலு கெடைப்பாரு. நெலம் கெடைக்குமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வழக்கு வந்த பிறகு தரும் உதவி மட்டும் போதாது என்பதை அந்தப் பெரியவரைவிடத் தெளிவாக எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. வழக்குக்கு முன்னால், குத்தகை பேசும் நாளில், சித்திரையில், யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் மூடியிருந்தது. இறங்கி நடந்தேன். ஊரைத் தாண்டினால் மூணாறு தலைப்பு. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறக்கிற தண்ணீரின் ஒரு கை இங்கே விரல் விரிக்கிறது. அந்தப் பாசனத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம்.

மாரியம்மன் கோயில் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் ஒரு பெண் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்ட தன்னார்வலர். 2009-ல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டம் இது. வக்கீல் அல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஊருக்குள் அனுப்புகிறார்கள். இவர் முன்பு மகளிர் குழுவின் கணக்கு எழுதியவர். அடையாள அட்டை கழுத்தில், ஒரு நீள நோட்டு, இரண்டு பேனா. நூறு நாள் வேலை முடிந்து பெண்கள் வரும் நேரமாகப் பார்த்து வந்திருந்தார். முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, ரேஷன் கார்டில் மகன் பெயர் நீக்கம், மருமகளை அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. பெரும்பாலானவை கோர்ட்டுக்குப் போக வேண்டியவையே அல்ல. ஒரு மனு, ஒரு போன், ஒரு நினைவூட்டல் போதும்.

அப்புறம் அந்த ஆயா வந்தார். இடுப்பிலிருந்து ரேஷன் கார்டு உறையை எடுத்து, அதற்குள் நாலாக மடித்திருந்த காகிதத்தை நீட்டினார். தன்னார்வலர் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ஆயா, இது கோர்ட்டு சம்மன். எப்ப வந்துச்சு?"

"குழு லோன் நோட்டீசுன்னுல்ல நெனச்சேன்! தேதி என்னத்தக் கண்டேன் பாப்பா? தாளடி கதிரு பால் கட்டுனப்ப வந்துச்சு."

"பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"மின்னதான். வீட்டுக்கு வெள்ள அடிச்சிக்கிட்டிருந்தேன்."

தன்னார்வலர் விரல்விட்டு எண்ணினார். பதில் மனு போட 30 நாள். நீதிமன்றம் மனம் வைத்தால் 90 நாள் வரை நீட்டும். முதல் கெடு தாண்டியாகிவிட்டது, இரண்டாவது தாண்டவில்லை. விஷயம் இதுதான். ஆயாவின் மாமனார் காலத்திலிருந்து அந்த மனையில் குடியிருக்கிறார்கள். நிலக்காரர் குடும்பம் அந்தச் சர்வே எண்ணை முழுதாக வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டது. வாங்கியவர், மனையைக் காலி செய்து தரச் சொல்லி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். கெடுவுக்குள் யாரும் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகும். அதன் பிறகு அமீனா வந்து நின்றால்தான் ஆயாவுக்குத் தெரியும்.

"ஆயா, மாமனாரு இங்க எப்ப குடிவந்தாரு?"

"நான் கல்யாணமாயி வந்தப்பவே இந்தக் கொல்லைதான். எம்ஜிஆரு கட்சி ஆரம்பிக்கல அப்ப."

தன்னார்வலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அ.தி.மு.க. தொடங்கியது 1972 அக்டோபர். அவருக்கு வேண்டியது அதற்கும் முந்திய ஒரு தேதி: 1971 ஜூன் 19. அன்றைக்கு அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்கிறது 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு குடியிருப்புதாரர் உரிமைச் சட்டம். 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு டெல்டாவுக்குக் கிடைத்த நல்ல சட்டங்களில் ஒன்று. அந்த உரிமையைக் காகிதத்தில் ஏற்றாமல் விட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பேரன் காலத்தில் மனை விலை ஏறும்போதுதான் பிரச்சினை முளைக்கிறது.

என்னென்ன காகிதம் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். பழைய வீட்டு வரி ரசீது இருக்கிறதா? குடிசைக்கு ஒரு விளக்குத் திட்டத்தில் கரண்டு கொடுத்தபோது தந்த அட்டை? மாமனார் பெயர் உள்ள ஓட்டர் லிஸ்ட்? மாமனார் இறப்புச் சான்று? ஆயாவின் பேரன் வீட்டுக்கு ஓடி ஒரு தகரப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தான். அதிலிருந்து கரையான் அரித்த ஒரு கரண்டு அட்டை வந்தது. இணைப்பு மாமனார் பெயரில். தேதி இருந்த மூலை போயிருந்தது. "போனா போவுது, ஆபீசுல பதிவு இருக்கும், கேட்டு வாங்கலாம்" என்றார் தன்னார்வலர். நோட்டில் ஆயாவின் பெயரை எழுதி, விண்ணப்பப் படிவத்தில் ரேகை வாங்கிக்கொண்டார். "வருமானச் சான்று வேண்டாமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "பொம்பளைன்னா வேண்டாம்ண்ணே. ஆயா பொம்பளைதானே?" என்றதும் கூடமே சிரித்தது. ஆயாவும் சிரித்தார். மறுநாள் காலை பஸ்ஸில் வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குக் கூட்டிப்போவது, வக்கீல் நியமனம், வக்காலத்து, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி ஒரு மனு என்று எல்லாம் கால் மணியில் முடிவாயிற்று.

அந்தக் கால் மணி நேரம்தான் இந்தப் பயணத்தில் நான் கண்ட மிகப் பெரிய காரியம். அதற்கான ஆட்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று நினைத்தால் மனசு கொதிக்கிறது. தன்னார்வலருக்கு வேலை செய்த நாளுக்கு மட்டும் ஒரு சிறு மதிப்பூதியம். சட்டப்பணிகள் குழுவின் பட்டியலில் உள்ள ஓர் இளம் வக்கீலிடம் பேசினேன். "சார், வர்ற பீசு டைப்படிக்கவும் பெட்ரோலுக்கும் சரியாப் போயிடுது. ஆனா கேசை விட்டுட முடியாதுல்ல" என்றார். அவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் இது ஓடுகிறது. இன்னொரு வக்கீலும் எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று சொல்லவில்லை. இலவசக் கேஸ் என்றால் வாய்தாவுக்கு ஜூனியரைக்கூட அனுப்ப மாட்டார். இலவசமாகத் தருவதைத் தரமாகத் தர வேண்டும், அதற்குரிய பணத்தை அரசு தர வேண்டும். கிரிமினல் வழக்குகளில் 2022 முதல் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில் முழுநேரச் சட்ட உதவி வக்கீல்களை மாதச் சம்பளத்தில் நியமிக்கிறார்கள். திருச்சி மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கும் டெல்டாக்காரருக்கு, அவர் வழக்கையே வேலையாகக் கொண்ட ஒருவர் கிடைப்பார். சிவில் பக்கத்துக்கும், குறிப்பாக நில வழக்குகளுக்கும், இதே ஏற்பாடு வர வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு நாடு. 80-க்கும் மேற்பட்ட தீவுகள், மொத்தமே மூன்று லட்சத்தைச் சுற்றித்தான் மக்கள். 1980-ல் விடுதலை பெற்றபோதே, வசதியில்லாதவர்களுக்கு வழக்காட அரசுச் செலவில் ஒரு பொதுச் சட்டத்தரணி இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பக்கத்து நாடான சாலமன் தீவுகளிலும் அப்படித்தான். தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 24 லட்சம் பேர். அந்தச் சின்ன நாட்டால் முடிந்தது நம்மால் முடியாது என்று எப்படிச் சொல்வது? தீவுக்கு வக்கீல் போய்ச் சேருவது எவ்வளவு கஷ்டம் என்பதை அறிய பசிபிக் வரை போக வேண்டியதில்லை. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் எல்லாம் தீவுகள்தான். வெள்ளத்தில் போன பட்டாவுக்கு நகல் கேட்டு நிற்பவர்களும் 12-வது பிரிவில் வருகிறவர்களே.

திருவாரூர் தாண்டி, கீழ்வேளூர்ப் பக்கம் தேவூர் அருகே கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு எரிக்கப்பட்ட இடம். கூலி உயர்வு கேட்டதும், சங்கத்தை விட்டு வர மறுத்ததும்தான் அவர்கள் செய்தது. நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நிலக்காரர்களைத் தண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதே இரவு நடந்த மோதலில் நிலக்காரர் தரப்பில் ஒருவர் இறந்த வழக்கில் விவசாயத் தொழிலாளர்களும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 39ஏ பிரிவு அப்போது இல்லை. கூலிப் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பெயர்கள் பொறித்த கல்லின் முன்னால் நிற்கும்போது வயது என்ற இடத்துக்குத்தான் கண் போகிறது. அதற்கு மேல் அங்கே எழுத எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வெண்மணிதான் கிருஷ்ணம்மாளையும் ஜெகந்நாதனையும் இந்தப் பகுதிக்கு இழுத்துவந்தது. காந்தியர்களான அந்தத் தம்பதியர் 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலத்தைப் பேசி வாங்கி, கூலிப் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தார்கள். பிறகு இறால் பண்ணைகள் வந்தன. நாகைக் கடலோரத்தில் நெல் வயலை உப்புத் தண்ணீர் தின்னத் தொடங்கியபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை நீங்கலாக, அகற்றச் சொன்னது. வேலை இழக்கும் தொழிலாளிக்கு ஆறு வருஷச் சம்பளம் ஈடாகத் தரச் சொன்னது. 2005-ல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் கூர்மையை மழுக்கிவிட்டது உண்மைதான். ஆனாலும் உவர்ப்பேறிய வயலைக் காட்டி அழுத கூலிப் பெண்களின் குரல் டெல்லியில் தீர்ப்பாக எழுதப்பட்டது. வழிநெடுகக் கேட்டுப் பார்த்தேன், அந்த வழக்கின் பெயர் இளைய வக்கீல்களில் சிலருக்கே தெரிந்திருந்தது. சட்டக் கல்லூரிகளிலிருந்து மாணவர்களை லாஃப்டி இருக்கும் கூத்தூருக்கும் வெண்மணிக்கும் ஒரு முறையாவது அழைத்து வர வேண்டும்.

நாகப்பட்டினத்தில் பயணம் முடிந்தது. அக்கரைப்பேட்டையில் வழக்குகள் வேறு மாதிரி. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போனவர்களின் வழக்கு நடப்பது அந்தக் கரையில், அதற்கு வேண்டிய படகுப் பதிவும் அடையாள அட்டை நகலும் கிடப்பது இந்தக் கரையில். இலங்கையிலும் 1978-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இரண்டு கரைக்காரர்களும் ஒருவருக்கொருவர் காகிதம் அனுப்பிக்கொள்ள ஒரு நேரடி வழி இருந்தால் எத்தனை குடும்பம் நிம்மதியாக இருக்கும்!

அங்கே சட்ட உதவி முகாமில் ஒரு மீனவப் பெண். கணவர் கடலுக்குப் போனவர், புயலில் படகு கவிழ்ந்து, உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் இறப்புச் சான்று இல்லை. அது இல்லாததால் வாரிசுச் சான்று இல்லை, விதவை உதவித்தொகை இல்லை, அவர் பெயரில் இருந்த வங்கிக் கணக்கைத் தொட முடியவில்லை. ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் தகவலே இல்லையென்றால்தான் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் கருதும். அவளுக்கு இந்த வருஷம் ஏழு முடிகிறது. தன்னார்வலர் ஓர் இளைஞர், அதே குப்பத்துப் பையன். காணவில்லை என்று போலீசில் பதிந்த புகாரின் நகல், படகு உரிமையாளர் வாக்குமூலம், மீன்வளத் துறைக்குக் கொடுத்த மனு, கூடப் போய்த் தப்பி வந்தவர் ஒருவரின் சாட்சியம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை கேட்டு வழக்கு, வக்கீல் இலவசம், ஸ்டாம்புக் கட்டணமும் ஆணைக்குழுவே பார்த்துக்கொள்ளும் என்றார்.

"தம்பி, அப்ப பென்சன் பணம் அவரு போன நாள்லேர்ந்து கணக்குப் போடுவாங்களா?"

பையன் கொஞ்சம் தயங்கினான். இறந்தார் என்று சட்டம் கருதுமே தவிர, எந்த நாளில் இறந்தார் என்று கருதாது. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் வழக்குப் போட்ட பிறகுதான் எல்லாம். அக்காவுக்குப் புரிகிற மாதிரி அதைச் சொன்னான்.

"படகு கவுந்த அன்னிக்கு கூட இருந்தவரு இருக்காருல்ல. அவருக்குத் தேதி தெரியும். அந்தத் தேதியவே மனுவுல போடு தம்பி. அதுக்கு அவரைச் சாட்சி கூப்புடு."

அவன் பட்டியலில் சாட்சியின் பெயருக்கு நேரே அடிக்கோடு போட்டு, அவர் இப்போது எந்த விசைப்படகில் போகிறார், எப்போது கரை திரும்புவார் என்று கேட்டு எழுதிக்கொண்டான்.